வர்த்தக சங்கம் வர்த்தகருக்கு மட்டுமா?

கிளிநொச்சி வளர்ந்து வரும் நகரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936 அளவில் குடியேற்றமாகத் தொடங்கிய இவ்வூர், இரணைமடுக் குளத்து நீரால் செழித்து, 1984ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. போரிலே தரைமட்டமாகி 2009இன் பின் மீண்டும் எழுந்தது. 2013 செப்டெம்பரில் புகையிரதமும் வந்து சேர்ந்தது. கண்டி வீதியின் இரு மருங்கிலும் இன்று கடைகளும் வங்கிகளும் நிறைந்துள்ளன. கடைகள் பெருகிய அளவுக்குக் கடைக்காரரிடையே ஒற்றுமையும் பெருகியதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

2016 செப்டெம்பரில் ஓர் இரவில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை தீக்கிரையாகியதை எவரும் மறந்திருக்க முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் சாம்பலாயின. தீயணைப்பு இயந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. போருக்குப் பின் கடன்பட்டுக் கட்டியெழுப்பிய முதல் சில மணி நேரத்தில் அழிந்தது. தீயணைப்பு வசதி வேண்டுமென்று ஒரு வியாபாரி தனித்துச் சென்று கேட்டால் அது விண்ணப்பமாகவே முடியும். நகரத்து வர்த்தகர் அனைவரும் ஒரே குரலில் கேட்டால் அதைத் தட்டிக்கழிப்பது எளிதன்று. காப்புறுதிக்கும் வங்கிக் கடனுக்கும் இதுவே நியாயம்.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். சந்தை வாடகையும் வியாபார அனுமதிக் கட்டணமும் பிரதேச சபையின் கையில் உள்ளவை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவரும் அங்கே இருக்கவில்லை. அத்தகைய காலத்தில் மக்களின் குறையை எடுத்துச் சொல்லவும் கணக்குக் கேட்கவும் எஞ்சியிருப்பவை ஊர்ச் சங்கங்களே. சுயாட்சி வேண்டும் என்று முழங்கும் நாம், நமது சந்தையின் காரியத்தை நாமே கூடி நடத்தப் பழகாவிட்டால், அம்முழக்கத்திற்குப் பொருள் என்ன?

“வியாபாரிகளின் சங்கத்தில் எமக்கு என்ன வேலை?” என்று கமக்காரர் கேட்கலாம். காலபோக அறுவடை முடிந்ததும் நெல்லின் விலை வீழ்கிறது. வயல் வரம்பிலேயே விற்ற நெல் லொறியேறி வெளிமாவட்ட ஆலைகளுக்குச் செல்கிறது. பின்பு அரிசியாகி, விலையும் ஏறி, எம் கடைகளுக்கே திரும்பி வருகிறது. இடையில் உள்ள இலாபம் இம்மண்ணில் தங்குவதில்லை. களஞ்சியமும் ஆலையும் இங்கே பெருக வேண்டுமாயின், விளைவிப்போரும் விற்போரும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும். கமக்காரர் கையில் பணம் இல்லாத மாதத்தில் கடைக்காரருக்கும் வியாபாரம் இல்லை என்பது இருவரும் அறிந்த உண்மை.

படித்தோருக்கும் இதில் கடமை உண்டு. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீரசிங்கம், கற்பித்தலோடு தம் பணி முடிந்ததென்று எண்ணாமல், வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தை வளர்க்க உழைத்தார். யாழ் நகரில் உள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சட்டத்தரணியும் கணக்காளரும் பொறியியலாளரும் மாதத்தில் ஒரு மாலையைச் சங்கத்திற்கு ஒதுக்கினால், உறுதியையும் ஒப்பந்தத்தையும் வரிப் பத்திரத்தையும் கண்டு அஞ்சும் சிறு வியாபாரிக்கு அது பேருதவியாகும்.

சங்கங்களைப் பற்றி மக்களுக்கு ஐயம் இருப்பதை நாம் அறிவோம். ஒரு சிலர் ஆண்டுதோறும் பதவியைத் தமக்குள் மாற்றிக்கொள்வதும், வரும் அமைச்சருக்கு மாலையிடுவதுமே சங்க வேலை என்றால், அதிற் சேராதோரைக் குறைகூற முடியாது. ஆனால், வெளியே நின்று முணுமுணுப்பதால் அது திருந்தாது. சந்தா செலுத்தி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் உறுப்பினரே அதைத் திருத்த வல்லவர். கணக்கு ஆண்டுதோறும் பகிரங்கமாக வைக்கப்படட்டும். நடைபாதையில் மரக்கறி விற்கும் பெண்ணுக்கும், பெருங்கடை முதலாளிக்கும் ஒரே வாக்கு இருக்கட்டும். நிர்வாக சபையில் கமக்காரருக்கு இடம் ஒதுக்கப்படட்டும்.

நகரம் வளர்ந்து முடிந்தபின், வெளியிலிருந்து வந்த பெருமுதல் வீதியெங்கும் வேரூன்றியபின், சங்கம் கூட்டிப் பயனில்லை. வர்த்தகரே, கமக்காரரே, கற்றோரே! அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன்னரே உறுப்பினராகுங்கள் என்று வேண்டுகின்றோம்.