ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் ரோடு பகுதியில் ஒருவர் பின் ஒருவராகக் கால் மரத்து, நடக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. அப்போதுதான் பலருக்கு கில்லன் பாரே சின்ட்ரோம் என்ற பெயரே தெரிய வந்தது. சுருக்கமாக ஜி.பி.எஸ். (தமிழில் எழுதினால் வழி காட்டும் ஜி.பி.எஸ்.ஸும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன செய்வது!) டிவிக்காரர்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள், கோழிக்கறியை நன்றாக வேக வைக்கச் சொன்னார்கள், அப்புறம் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். ஆனால் இந்த நோயில் விழுந்த வீட்டுக்குக் கதை ஆரம்பிப்பதே அங்கேதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இது பக்கவாதம் இல்லை. பக்கவாதத்தில் அடி வாங்குவது மூளை, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம் விழும். இதில் மூளை சுத்தமாக இருக்கும். ஒரு வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போயிருக்கும். அந்தக் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடிக்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் பாதத்தில் ஊசி குத்துவது போல் தொடங்கி, இரண்டு காலிலும் ஒன்றாக மேலே ஏறும். தொடை, கை, முகம், சிலருக்கு மூச்சு விடும் தசை வரைக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிற நோய். 1916-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் இரண்டு சிப்பாய்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ஸ்ட்ரோல் பெயர் மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது, பாவம்.

வைத்தியம் இரண்டே இரண்டுதான். ஒன்று, மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை வழக்கமாக ஐந்து நாள் ஏற்றுவது. மற்றது, ரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்றுவது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருபவை. ஸ்டீராய்டு இதற்கு உதவாது. 60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு மொத்தம் 120 கிராம் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். 5 கிராம் பாட்டிலாகக் கணக்குப் போட்டால் 24 பாட்டில். தனியார் ஆஸ்பத்திரியில் பில் லட்சங்களில் வரும். நகை அடகுக்குப் போகும், அண்ணன் தம்பிகள் போன் எடுக்கத் தயங்குவார்கள்... இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த காட்சி.

தெரியாத காட்சி ஐசியூவுக்குள் இருக்கிறது. நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம். தொண்டையில் குழாய், கை அசையாது, முகமும் அசையாது, கண் இமையைக்கூட சிலரால் முழுசாக மூட முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர் முழு நினைவோடு இருக்கிறார். காது கேட்கிறது. வலி தெரிகிறது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு "இனிமே என்ன பண்ணப் போறாளோ அந்தப் பொண்ணு" என்று மாமாக்கள் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் விழுகிறது. உறவினர் செய்யக்கூடிய முதல் உதவி, அந்தப் பேச்சை வராந்தாவுக்கு மாற்றுவது.

இரண்டாவது உதவி, பேச வழி செய்து கொடுப்பது. கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்துப் பலகை என்றும் ஒன்று உண்டு. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனால், வேண்டிய எழுத்து வரும்போது நோயாளி சிமிட்டுவார். இங்கிலீஷுக்கு 26 எழுத்து, முடிந்தது. தமிழுக்கு 247! 'முதுகு வலிக்குது' என்று சொல்வதற்குள் விடிந்துவிடும். ஆனால் இதற்குத் தீர்வும் தமிழ் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. 18 மெய்யைக் கீழே வரிசையாகவும், 12 உயிரைக் குறுக்கேயும் எழுதி ஒரு கட்டம் போட்டால், முதலில் மெய், பிறகு உயிர் என்று இரண்டே தேர்வில் எழுத்து கிடைக்கும். ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடுதான். ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஸ்கெட்ச் பேனா போதும். இதைவிட எளிதாக, தண்ணீர், வலி, திருப்பிப் படுக்க வை, சளி எடு, ஃபேன், பயமாக இருக்கிறது என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதியும் மாட்டலாம். அந்தக் கடைசிச் சொல்லைச் சேர்க்க மறக்கக் கூடாது. பலரும் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

சரி, உயிருக்கு ஆபத்து நீங்கி வீட்டுக்கு வந்தாயிற்று. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ், ஆப்பிள் சகிதம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இனிமேல்தான் நிஜமான வேலை.

நரம்பின் மேல் மின்சார ஒயருக்கு இருப்பது போல் ஒரு உறை உண்டு. உறை மட்டும் பழுதானால் வாரங்களில், மாதங்களில் சரியாகும். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால், அது வளர்ந்து வரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் வரை 40 சென்டிமீட்டர் என்று வைத்தால் 400 நாள். எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டாலும், எவ்வளவு திட்டினாலும், எவ்வளவு கொஞ்சினாலும் 400 நாள்தான். சுமார் 80 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் தானாக நடக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. நடப்பவர்களிலும் பலருக்கு வருடக்கணக்கில் அசதி இருக்கும் என்பது யாரும் சொல்லாத செய்தி.

இந்த இடத்தில்தான் தமிழ் வீடுகளில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் படித்த மச்சான் ஒருவர் வருவார். "மாப்ளே, மனசு வச்சா முடியாதது எதுவுமில்ல. எங்க தெருவுல ஒருத்தருக்கு இதே வியாதிதான், மூணே மாசத்துல பைக் ஓட்டுறாரு" என்பார். சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்பவருக்கு அது வேறு மாதிரி விழுகிறது: நீ எழுந்திருக்காததற்குக் காரணம் உன் மனசு. கால் போனது போதாதென்று குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கிறது. நரம்புக்கு மனசு தெரியாது. உடற்பயிற்சி அவசியம்தான், ஆனால் பிசியோதெரபிஸ்ட் பத்து முறை என்று சொன்னதை ரோஷத்தில் ஐம்பது முறை செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். லிவர்பூல் கால்பந்து வீரர் மார்க்கஸ் பாபலுக்கு 2001-ல் இந்த நோய் வந்தது. மீண்டு வந்து, 2007-ல் ஜெர்மனியில் சாம்பியன் பட்டம் வென்ற ஸ்டுட்கார்ட் அணியில் இருந்தார். அருமையான கதை. ஆனால் அதைப் படுத்திருக்கும் ஐம்பத்தைந்து வயது பெரியப்பாவிடம் சொல்லி, 'அவரால முடியுது, உங்களால முடியாதா' என்று கேட்பது கொடுமை.

பிறகு எதைச் சொல்வது? பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கலாம். இன்று ஸ்பூன் பிடித்தார். இன்று பிடி தளராமல் பாதித் தட்டு சாப்பிட்டார். தினமும் பார்க்கும் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது, இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினால் தெரியும். அவரால் மெதுவாகவாவது செய்ய முடிகிற காரியத்தை அவசரப்பட்டுப் பிடுங்கிச் செய்யக் கூடாது. சட்டைப் பட்டன் போட இருபது நிமிடம் ஆனால் ஆகட்டும். மரத்த காலில் சுடுதண்ணீர் ஒத்தடம், காய்ச்சிய எண்ணெய் எல்லாம் வேண்டாம். சூடு அவருக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

இந்த விஷயத்தில் முன்மாதிரி என்றால் ஜோசப் ஹெல்லரின் நண்பர் ஸ்பீட் வோகலைச் சொல்லலாம். 'கேட்ச்-22' எழுதிய ஹெல்லருக்கு 1981 டிசம்பரில், 58 வயதில், இந்த நோய் வந்தது. விவாகரத்து நடந்துகொண்டிருந்த நேரம், கூட இருக்க மனைவி இல்லை. வோகல் நியூயார்க்கில் ஹெல்லரின் வீட்டுக்கே குடிவந்து, தபால்களைப் பிரித்து, பில் கட்டி, அவருக்குப் பதிலாகக் கையெழுத்தும் போட்டார். ஹெல்லரின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஊரும் சுற்றினார்! இருவரும் சேர்ந்து இதைப் பற்றி 1986-ல் 'நோ லாஃபிங் மேட்டர்' என்ற புத்தகம் எழுதினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, வோகல் தியாகி வேஷம் போடவில்லை. நோயாளியின் வெளியுலக வாழ்க்கையை, அவர் திரும்பி வரும் வரை நிற்காமல் ஓட வைத்தார். கடிதம், வாடகை, நண்பர்களின் அரட்டை, கிண்டல் எல்லாமும். கட்டில் பக்கத்தில் கண்ணீரோடு உட்காருவதைவிட இது நூறு மடங்கு உபயோகம். (ஹெல்லர் பிற்பாடு தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார் என்பது உபரித் தகவல்.)

இங்கே வோகல் வேலையை யார் செய்கிறார்கள்? ஒரே ஒரு பெண். மனைவியோ அம்மாவோ மகளோ மருமகளோ. ஆரம்ப நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, இல்லையென்றால் படுக்கைப் புண். பாதம் தொங்கிவிடாமல் ஸ்பிளிண்ட் மாட்டுவது. பெட்பேன். நடுவில் சமையல், குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ். ஆறாவது மாதத்தில் அவளுக்கு முதுகு போய்விடும், அதைப் பற்றி விசாரிக்க ஒரு ஆளும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரமாட்டார்கள். பிரசவத்துக்கு லீவ் உண்டு. விழுந்துவிட்ட கணவனைத் தூக்கி நிறுத்த என்று பெரும்பாலான வேலைகளில் ஒரு நாள்கூடத் தனி லீவ் கிடையாது. இருக்கிற லீவ் தீர்ந்ததும் சம்பளமில்லா லீவ், பிறகு ராஜினாமா.

அரசாங்கம் லீவ் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லும் கொழுந்தன், அதற்குப் பதிலாக "செவ்வாய், வெள்ளி ராத்திரி ரெண்டு நாளும் அண்ணன்கூட நான் படுத்துக்கிறேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லலாம். வாரத்தில் இரண்டு ராத்திரி. 400 நாளில் அது நூறு ராத்திரிக்கு மேல் வரும்.