பழைய புல்லட் வாங்கும் தம்பிக்கு



முதன்முதலாக உனக்கென ஒரு வண்டி வாங்கப் போகிறாய். அதுவும் திருவொற்றியூரில் உருவான பழைய 350 சி.சி. புல்லட். அதைப் புதுப்பித்து ஓட்டும் ஆவல் நன்று. (பெற்றோரும் இதனை வாசித்தல் நலம்.)

உன் எண்ணமெல்லாம் பெயின்ட்டிலும் சைலன்சரிலும் இருக்கிறது. அவை காத்திருக்கட்டும். அப்பழைய வண்டியில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருக்கும். பிற வண்டிகளில் பழகிய கால், குழந்தையொன்று குறுக்கே ஓடிவரும் நொடியில், பிரேக்கென்று எண்ணிக் கியரையே மிதித்துவிடும். ஆளில்லாத மைதானத்தில் பல நாள் பழகிய பின்னரே சாலைக்கு வா. அதற்கு முன்பே தேய்ந்த பிரேக் லைனிங், வெடிப்புற்ற டயர், உறை கிழிந்த ஒயர் யாவற்றையும் மாற்றிவிடு. காசு மிஞ்சினால் பெயின்ட்.

கிக்கரை மெல்ல மிதி. அது இறுகி, அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும்போது டிகம்ப்ரசரை அழுத்திச் சற்றே இறக்கு. பின் காலை மேலெடுத்து முழு உதை கொடு. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பியடிக்கும். கணுக்கால் வீங்கியோரைக் கேள்.

உற்பத்தியாளர் வகுத்த அமைப்பினின்று வண்டியை மாற்றலாகாதென உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, அதிரும் சைலன்சரின் ஓசை உனக்கு இசையாகலாம். அடுத்த வீட்டு நோயாளிக்கு அது உறக்கக்கேடு.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டியெனில் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பார். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதே.