ஜாமீன் கையெழுத்து

மைசூரிலிருந்து ஹுணசூர் வழியாக மடிகேரி சாலையில் போனால் பைலகுப்பே. திபெத்திய அகதிகளின் பொற்கோயிலைப் பார்க்க வேன்களில் வந்து இறங்குகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களின் பூர்விகத்தைத் தேடினாலும் இந்த அகதிகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கர்நாடகத்தில் திபெத்தியரைக் குடியமர்த்த 1968ல் உருவானது மைராடா. பெயரின் முதல் எழுத்துகளே மைசூரைக் குறிப்பவை. பிறகு அது வறண்ட, ஒதுக்குப்புறமான கிராமங்களின் பக்கம் திரும்பியது.

அங்கே கிடைத்தது முதலில் தோல்வி. மைராடா வளர்த்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில 1980களின் நடுவில் உடைந்தன. கடன் பாக்கி வைத்திருந்தவர்கள் திருப்பிக் கட்டத் தயாராகவே இருந்தார்கள் - சங்கத்துக்கு அல்ல, ஒருவரையொருவர் நம்பிய தங்கள் சிறு கூட்டத்துக்கு. பதினைந்து இருபது பேர், தவறாத கூட்டம், கொஞ்சம் சேமிப்பு. யாருக்கு முதலில் பணம் என்பதை அவர்களே பேசி முடிவு செய்தார்கள். பெண்களுக்கென்று மட்டும் தொடங்கியதும் அல்ல இது. டெல்லியில் யாரும் வகுத்த திட்டமும் அல்ல.

1987ல் நபார்டு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. 1992ல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சி வந்தது. (தமிழ்நாடு 1989லேயே தருமபுரியில் மகளிர் திட்டத்தைத் தொடங்கிவிட்டது.) பதிவு செய்யாத குழுவுக்கு, அடமானம் இல்லாமல், எதற்கு என்று கேட்காமல் கடன்! அந்தக் கடைசி அம்சம்தான் முக்கியம். கறவை மாடு என்றால் மானேஜர் தலையாட்டுவார். ஆடி மாதத்து அரிசிக்கு என்றால் மாட்டார். ஆனால் அந்த அரிசிக்காகத்தான் அவள் வட்டிக்காரரிடம் போகிறாள். அது குழுவிலிருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.

பின்னால் வந்த மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் பலவும் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்பது இருந்தது; கடன் யாருக்கு, எவ்வளவு என்ற முடிவு கம்பெனிக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி ஜாமீன்தாரர் ஆனாள். வசூல் மிரட்டல்களும் தற்கொலைச் செய்திகளும் தொடர, 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது வசூலிக்க வருபவரைக் கட்டுப்படுத்தும். பறிபோன கூட்டத்தைத் திருப்பித் தராது.

இத்தனை லட்சம் குழுக்கள் என்று மேடையில் யாராவது கணக்கு வாசித்தால், அதில் எத்தனை இன்னும் வாரந்தோறும் கூடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.