தொடக்கம் ஒன்று போதும்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களுக்கே முதல் நகர்த்தல். அந்த முதல் நகர்த்தலுக்கே இருபது வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் காரணங்களை அறிந்து, இடையில் தோல்விகள் வந்தாலும் ஓராண்டேனும் அதனைக் கைவிடாதிருத்தல் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

புதிதாக ஆடுவோர் பலர் விரும்பிக் கற்பது, நான்கே நகர்த்தல்களில் ஆட்டத்தை முடிக்கும் தந்திரம். ராணியையும் மந்திரியையும் விரைந்து வெளியே கொணர்ந்து, கறுப்பு ராஜாவின் அருகிலுள்ள சிப்பாயைத் தாக்குவார்கள். எதிராளி அறியாதவராயின் வெற்றி கிட்டும். அறிந்தவராயின் ஒரு சிப்பாயை முன்னே தள்ளி ராணியை விரட்டுவார். நம் ராணி ஓடிக்கொண்டிருக்க, மற்றக் காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறர் அறியாமையை நம்பி ஆடும் ஆட்டம் எத்தனை நாள் பயன் தரும்?

இளைய தோழியருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இத்தாலியத் தொடக்கம். 17ஆம் நூற்றாண்டில் கிரேக்கோ என்னும் இத்தாலிய வீரர் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்த இதனை, இன்றைய பெருவீரர்களும் ஆடுகின்றனர். முதலில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம் செல்லும். பலகையின் நடுவில் நமக்கு இடம் கிடைக்கும். ராணிக்கும் ஒரு மந்திரிக்கும் வழி திறக்கும். கறுப்பும் அவ்வாறே ஆடினால், ராஜாவின் பக்கத்துக் குதிரை வெளிவந்து அச்சிப்பாயைத் தாக்கும். கறுப்பு தன் ராணிப் பக்கத்துக் குதிரையால் அதனைக் காக்கும். மூன்றாவதாக நம் மந்திரி வெளிவந்து, கறுப்பு ராஜா மட்டுமே காத்து நிற்கும் எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கும். இனி நாம் கோட்டை கட்டி நம் ராஜாவைப் பாதுகாக்கலாம்.

இவற்றுள் காரணமில்லாத நகர்த்தல் ஒன்றுமில்லை. வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவள், எதிராளி புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடியதும் திகைத்துவிடுவாள். காரணம் அறிந்தவளோ அங்கேயே சிந்திக்கத் தொடங்குவாள்.

ஒன்றையே ஆடினால் எதிராளி ஆயத்தமாகி வரமாட்டாரா என்று சிலர் கேட்கலாம். பாபி ஃபிஷர் பல ஆண்டுகள் பெரும்பாலும் ராஜாவின் சிப்பாயையே முதலில் நகர்த்தி வந்தார். 1972இல் ரெய்க்யவிக் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் வேறு சிப்பாயை நகர்த்தி, ராணி காம்பிட் என்னும் தொடக்கத்துக்கு மாறி வென்றார். தோற்ற ஸ்பாஸ்கியே கைதட்டிப் பாராட்டினார். ஒரு வழியில் ஆழ்ந்து பழகியவருக்கு மறுவழி பின்னர் கைகூடும். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் முன்னோர் சொன்னது வயலுக்கு மட்டுமன்று.

ஆகவே தோழியரே, ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த நகர்த்தலில் காரணம் புரியாமல் போயிற்றோ, அங்கே கோடிட்டு ஆசிரியையிடம் கேளுங்கள். இரண்டு ஆட்டம் தோற்றதும் தொடக்கத்தை மாற்றுவோர் எதனையும் முழுமையாக அறிவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்து வீடு திரும்பும் மகளிடம் “ஜெயித்தாயா?” என்று மட்டும் கேளாதீர்கள். “அந்தக் காயை ஏன் அங்கே வைத்தாய்?” என்றும் கேளுங்கள். அதற்கு அவளால் விடை கூற முடியுமானால், அன்று தோற்றிருந்தாலும் அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.