மிளகும் மாத்திரையும்

மஞ்சளோடு மிளகுச் சாரம் சேர்த்த கேப்சூல் இப்போது தாணேயில் சின்ன மெடிக்கல் கடையில்கூடக் கிடைக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டாம். மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலர் மூட்டுவலிக்கென்று வாங்கி, காலையில் போடுகிற பிரஷர் மாத்திரையோடு சேர்த்தே விழுங்குகிறார்கள். கேட்டால், “மிளகுதானேப்பா, அது என்ன செய்துடும்?” என்கிறார்கள். அது என்ன செய்யும் என்பதை இந்த வாரம் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். 1819இல் டென்மார்க் விஞ்ஞானி ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்தார். (மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைப்பதை மறு ஆண்டு உலகத்துக்குச் சொன்னவரும் இவரே.) தண்ணீரில் பைப்பரின் மிகக் கொஞ்சம்தான் கரையும். ரசத்தில் அதன் பெரும்பகுதி அடிவண்டலில் தங்கிவிடும். நெய்யில் அதைவிட நன்றாக இறங்கும். வெண்பொங்கலுக்கு மிளகை நெய்யில் பொரித்துக் கொட்டுவது வெறும் வாசனைக்காக மட்டுமல்ல.

நாம் விழுங்கும் எந்த மருந்தையும் உடல் அந்நியப் பொருளாகவே நடத்துகிறது. பல மருந்துகளில், குடல் சுவரின் செல்கள் உள்ளே வந்ததில் ஒரு பங்கைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். மீதியில் ஒரு பங்கைக் கல்லீரலின் நொதிகள் உருமாற்றி வெளியேற்றும். டாக்டர் எழுதும் டோஸ், நகைக்கடைச் சேதாரம் மாதிரி, இந்த இழப்பையும் சேர்த்துப் போட்ட கணக்கு. பைப்பரின் இந்த இரண்டு வேலைகளையும் மந்தமாக்குகிறது. அதனால் அத்தகைய மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது, கூடுதல் நேரம் தங்குகிறது.

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சுக்கு, மிளகு, திப்பிலி ஏன் இத்தனை முறை சேர்கின்றன என்ற கேள்வியை 1970களின் இறுதியில் ஜம்முவின் மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் சி.கே. அடல் கையில் எடுத்தார். அந்த வழியில் 2009இல் ஒரு டிபி மருந்தே வந்தது. அகமதாபாத்தின் காடிலா நிறுவனமும் ஜம்மு ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கேப்சூலில், வழக்கமாக 450 மி.கி. தரப்படும் ரிஃபாம்பிசின் 200 மி.கி.தான், கூடவே 10 மி.கி. பைப்பரின். கல்லீரலை வருத்தும் ஒரு மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தது பெரிய விஷயம். நம் அடுப்படி அறிவை அளந்து, சோதித்து, மருந்தாக்கிய இந்த வேலையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

தாராவியில் டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள இடமிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். அரசு டிபி மையத்தில் தரும் கூட்டு மாத்திரையில் பைப்பரின் கிடையாது. உடல் எடையைப் பார்த்துத்தான் எத்தனை மாத்திரை என்று தருகிறார்கள். மிளகுக் கஷாயம் குடிக்கிறோமே என்று அதில் ஒன்றைக் குறைத்தால் கிருமி தப்பித்து, மருந்துக்கு மசியாததாகத் திரும்பலாம். சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத டிபியை டாக்டர் ஸரீர் உத்வாடியாவின் குழு 2011 இறுதியில் அறிவித்தது மாஹிம் ஹிந்துஜா மருத்துவமனையிலிருந்து. தாராவிக்கு அது கூப்பிடு தூரம்.

மஞ்சள் கேப்சூல் விளம்பரங்களுக்கு மூலம் 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் 2 கிராமோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் இருபது மடங்கு கூடியது. ஆனால் அளந்தது ரத்தத்தை. முழங்கால் வலியை அல்ல. அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் உச்சம், பிறகு வடிந்துவிட்டது. “இருபது மடங்கு பலன்” என்று அட்டையில் போடுவது நியாயமே இல்லை.

மஞ்சளைத் தூக்கிவிடும் பைப்பரின் பக்கத்தில் இருக்கும் மருந்தையும் தூக்கிவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயின், பிரஷருக்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் மூன்றும் பைப்பரினோடு கொடுத்தபோது ரத்தத்தில் கூடியதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். ஃபெனிடாயின் சற்று மிஞ்சினாலே நடை தள்ளாடும், பேச்சு குழறும். வீட்டில் அதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். அந்தக் கேப்சூல்களில் சிலவற்றில் பைப்பரினும் இருந்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இப்படித் தனியாகப் பிரித்த பைப்பரினுக்கு நாளைக்கு 2 மி.கி. என்று வரம்பு சொல்கிறது, கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம் என்கிறது. கடையில் இருக்கும் டப்பாக்களில் 5, 10 மி.கி. சாதாரணம்.

ரசத்தையோ பொங்கலையோ யாரும் நிறுத்த வேண்டாம். வலிப்பு, இதயம், ஆஸ்துமா, டிபி என்று தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த டப்பாவை அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். “வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று அவர் கேட்கும்போது, கேப்சூலை மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.