முதலில் கயிறு

பங்காருபேட்டையில் கிளை ரயில் பிடித்தால் தங்கவயல். அங்கே சுரங்கம் 2001ல் மூடிவிட்டது. ஆனால் சுரங்கத் தொழிலின் பால பாடம் பழசாகவில்லை: கூண்டை இறக்குமுன் கயிற்றைச் சோதி.

பல ஆண்டுகள் ஷெட்டில் தூங்கிய பழைய மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருபவருக்கும் அதே பாடம்தான். உறுமலில் மயங்காதீர்கள்; ரப்பரைப் பாருங்கள். அதன் 4ஜி63 என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சிய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தொளதொளக்கும். டயரின் வயதை அதன் பக்கவாட்டிலுள்ள நான்கு எண்கள் காட்டிக்கொடுக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குதிரைசக்தியைக் கூட்டும் ஆசையை ஒத்திப்போடுங்கள். ஓடுகிற காரைவிட நிற்கிற கார்தான் வீடு சேர்க்கும்.