மேற்குவியலும் உள்ளீரமும்
(உயர்விலை மடிக்கணினி ஒன்றின் நிறை குறைகள்)

கடைவீதியில் குவித்து வைக்கப்பட்டிருந்த தானியத்தைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அக்குவியலுக்குள் தம் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று காரணம் கூறினார் வணிகர். அவ்வாறாயின் மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாமே என்று நாயகம் அவர்கள் கேட்டதையும், பிறரை ஏமாற்றுவோரைக் கடிந்துரைத்ததையும் ஹதீஸ் நூல்கள் எடுத்துரைக்கின்றன. இந்நிகழ்ச்சி விற்பவருக்கு மட்டுமன்றி வாங்குபவருக்கும் ஒரு பாடம் தருகிறது. மேற்பரப்பைக் கண்டு மயங்காமல் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அப்பாடம்.

வள்ளுவப் பெருந்தகையும் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்தது எதுவோ அதனைக் கொண்டு ஒருவரை மதிப்பிடும் முறையைக் காட்டுகிறார். அவர் மனிதரைப் பற்றிக் கூறியதை நாம் இன்று ஒரு பொருளுக்குப் பொருத்திப் பார்க்கத் துணிகிறோம். மேனிலைப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி வாங்கித் தருவது என்னும் கேள்வி, இன்று பல இல்லங்களில் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வியாக இருக்கிறது. தந்தையின் பல மாதச் சேமிப்போ, தாயின் நகையோ அதில் அடங்கியிருக்கக்கூடும். எனவே இதனை வெறும் ஆடம்பரப் பேச்சாகக் கருதித் தள்ளிவிட இயலாது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு சான்றை எடுத்துக்கொண்டு ஆராய்வது தெளிவு தரும். ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அறிமுகப்படுத்திய, எம்1 செயலி பொருந்திய மேக்புக் ஏர் என்னும் மடிக்கணினியை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். அறிமுகமான காலத்தில் அமெரிக்காவில் 999 டாலரும், இந்தியாவில் 92,900 ரூபாயும் அதன் தொடக்க விலையாக இருந்தன. அதன்பின் அதே வரிசையில் புதிய கணினிகள் பல வந்துவிட்ட போதிலும், அந்த வரிசையின் குணங்களும் குற்றங்களும் இதில்தான் தெளிவாகத் துலங்குகின்றன.

நிறைகள்

முதலில் நிறைகளைக் காண்போம். ஒரு பொருளின் சிறப்பை ஒப்புக்கொள்ள மறுப்பதும் நடுவுநிலை தவறுவதே ஆகும்.

இக்கணினியின் எடை 1.29 கிலோகிராம். தோளில் பையைச் சுமந்து பேருந்தில் வந்து செல்லும் மாணவர்க்கு இதன் அருமை புரியும். இதன் உயிர்நாடியான எம்1 செயலியில் 1600 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. அதிலுள்ள எட்டு உட்கருக்களில் நான்கு கடும்பணிக்கும், நான்கு குறைந்த மின்சாரத்தில் எளிய பணிகளைச் செய்வதற்கும் என வகுக்கப்பட்டுள்ளன. கட்டுரை தட்டச்சு செய்யும்போது சிறிய உட்கருக்கள் உழைக்கின்றன, பெரியவை ஓய்ந்திருக்கின்றன. இதனால் மின்கலம் நெடுநேரம் நிற்கிறது. ஒருமுறை மின்னேற்றினால் இணையப் பணிக்குப் 15 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் அறிவித்தது. பயன்படுத்தும் முறைக்கேற்ப அது கூடியும் குறைந்தும் அமையும் எனினும், மின்தடை நிகழும் ஊர்களில் இது பெருநன்மையே.

இக்கணினியில் மின்விசிறி இல்லை என்பது மற்றொரு சிறப்பு. நூலகத்தின் அமைதியை அது கெடுப்பதில்லை. வெளிக்காற்றை இழுத்துத் தூசியை உள்ளே சேர்ப்பதுமில்லை. நீண்ட நேரம் கடும்பணி செய்தால் வெப்பத்தைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் படிப்புக்கும் எழுத்துக்கும் அவ்வளவு கடும்பணி தேவைப்படுவதில்லை.

தமிழ்த்துறையினராகிய நாம் குறிப்பிட வேண்டிய ஒரு நிறையும் உண்டு. இக்கணினியின் இயங்குதளத்திலேயே தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகை முறைகள் அமைந்துள்ளன. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் அதிலேயே உண்டு. தனியாக மென்பொருள் எதனையும் தேடாமல், பெட்டியைத் திறந்த அன்றே தமிழில் எழுதத் தொடங்கலாம்.

குறைகள்

இனிக் குறைகளை நோக்குவோம். இவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை சில. இணைப்புத் துளைகள் இரண்டு மட்டுமே. இரண்டும் இடப்பக்கத்தில் உள்ளன. பழைய பென்டிரைவையோ, வகுப்பறையின் ஒளிவீழ்த்தியையோ பொருத்த வேண்டுமாயின் இடையிணைப்பான் ஒன்றைத் தனியே வாங்க வேண்டும். மின்வடம் காலில் இடறினால் தானே விலகிக்கொள்ளும் காந்த இணைப்பு முந்தைய கணினிகளில் இருந்தது. இதில் அது இல்லை. விண்டோஸுக்கென எழுதப்பட்ட பழைய தமிழ் மென்பொருள்கள் இதில் நேரடியாக இயங்கா. இவையெல்லாம் குறைகளே எனினும் வாங்கும் முன்னரே கண்டுகொள்ளத் தக்கவை; குவியலின் மேலே கிடக்கும் ஈரத் தானியம் போன்றவை.

உள்ளே மறைந்திருக்கும் ஈரமே நம் கவலைக்குரியது. இக்கணினியின் நினைவகம் செயலியோடு ஒரே தொகுதியாக இணைக்கப்பட்டுள்ளது. சேமிப்பகம் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டுள்ளது. 8 ஜிபி நினைவகத்தோடு வாங்கியவர், இரண்டு ஆண்டுகள் கழித்து அது போதவில்லை என உணர்ந்தாலும் அதனைக் கூட்ட இயலாது. 16 ஜிபி வேண்டுமாயின் முதல் நாளிலேயே 200 டாலர் கூடுதலாகத் தந்திருக்க வேண்டும். பின்னாளில் என்ன தேவைப்படும் என்பதை, ஒன்றும் அறியாத முதல் நாளிலேயே மாணவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நிறுவனமே தன் ஏர் வரிசைக் கணினிகளின் தொடக்க நினைவகத்தை விலையுயர்த்தாமல் 16 ஜிபியாக உயர்த்தியது. முன்னர்த் தரப்பட்ட அளவு வருங்காலத்துக்குப் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தாய்ப்பலகை பழுதுற்றால் இடர் இன்னும் பெரிது. சேமிப்பகத்தில் உள்ளவை மறைகுறியாக்கப்பட்டு அக்கணினியின் செயலியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அதனைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் படிக்க இயலாது. திருட்டைத் தடுக்கும் நல்ல காவல் இது. ஆனால் உரியவரையும் சில வேளைகளில் வெளியே நிறுத்திவிடும் காவல். ஒரு குவளைத் தேநீர் கவிழ்ந்தால் முனைவர்ப் பட்ட ஆய்வேடே கரைந்து போகலாம். நீர்மத்தால் விளையும் பழுதை வழக்கமான ஓராண்டு உத்தரவாதம் ஏற்பதுமில்லை.

ஒரு பழைய படிப்பினை

இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 2015ஆம் ஆண்டு முதல் இந்நிறுவனம் தன் மடிக்கணினிகளை மேலும் மெலிதாக்கும் பொருட்டு, வண்ணத்துப்பூச்சி என்று பெயரிட்ட புதிய விசையமைப்பைப் புகுத்தியது. சிறு தூசி நுழைந்தாலும் விசைகள் சிக்கிக்கொண்டன. சில எழுத்துகள் விழவில்லை. சில இருமுறை விழுந்தன. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் கட்டுரையாளர் ஜோனா ஸ்டெர்ன் 2019ஆம் ஆண்டில், தம் கணினியில் ஒழுங்காக விழாத இரண்டு ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டே ஒரு கட்டுரையை வெளியிட்டு இக்குறையை உலகறியச் செய்தார். ஓர் எழுத்து பிழைத்தால் பொருளே பிழைத்துவிடும் என்பதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

ஒரு விசை பழுதானதற்கு, விசைப்பலகையும் மின்கலமும் சேர்ந்த மேற்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டி வந்ததே இதில் நோக்கத்தக்கது. 2018ஆம் ஆண்டு நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2019ஆம் ஆண்டு இறுதி முதல் பழைய விசையமைப்புக்குத் திரும்பியது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 5 கோடி டாலர் வழங்க 2022ஆம் ஆண்டு உடன்பட்டது. குற்றத்தை உணர்ந்து திருத்திக்கொண்டதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் திருந்துவதற்கு நான்காண்டுகளுக்கு மேலாயின என்பதையும், எளிதில் பிரித்துப் பழுதுபார்க்கும் பொருளாக இருந்திருந்தால் வாங்கியவர்களின் துன்பம் பெரிதும் குறைந்திருக்கும் என்பதையும் மறக்க இயலவில்லை.

ஒரே வேரா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நினைவகம் செயலியை ஒட்டி அமைந்ததனால் அன்றோ இத்துணை வேகமும் மின்சிக்கனமும் கிடைத்தன? குணமும் குற்றமும் ஒரே வேரில் முளைத்தவை ஆயின், ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பது எங்ஙனம்? இம்மறுப்பில் பேருண்மை இருக்கிறது. நினைவகத்தைப் பொறுத்தவரை நாமும் அதனை ஏற்கிறோம்.

ஆனால் எல்லாவற்றையும் அவ்வாறு மூடிவைக்க வேண்டிய தேவை இல்லை. இந்நிறுவனமே 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட மேக் மினி என்னும் மேசைக்கணினியில் சேமிப்பகம் கழற்றி மாற்றத்தக்க தனித் தகடாக அமைந்துள்ளது. ஃபிரேம்வொர்க் என்னும் மற்றொரு நிறுவனம் 2021ஆம் ஆண்டு முதல், உறுப்புகளை உரியவரே மாற்றிக்கொள்ளும் மெல்லிய மடிக்கணினிகளைச் செய்து விற்கிறது. ஆகவே மூடிவைப்பதில் ஒரு பகுதி தொழில்நுட்பத்தின் கட்டாயம். மறுபகுதி நிறுவனத்தின் விருப்பம். கட்டாயத்தை நாம் பொறுத்துக்கொள்ளலாம். விருப்பத்தைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

இதனை ஏமாற்று வணிகம் என்று நாம் கூறவில்லை. நினைவகத்தின் அளவு விற்பனைக் குறிப்பில் எழுதப்பட்டே இருக்கிறது. எனினும் விளம்பரங்கள் மெலிவையும் பளபளப்பையும் பேசும் அளவுக்குப் பழுதுநீக்கத்தைப் பேசுவதில்லை. பிரான்சு நாட்டில் 2021ஆம் ஆண்டு சனவரி முதல், ஒரு மடிக்கணினியை எந்த அளவுக்கு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். ஈரத் தானியத்தை மேலே எடுத்து வைக்கும் முயற்சி என்றே இதனை நாம் கருதுகிறோம். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டு பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவணரசு இணையவாயில் ஒன்றைத் தொடங்கியது. அம்முயற்சி மேலும் வலுப்பெற வேண்டும்.

நம் முடிவு

துலாக்கோலை இனி நிமிர்த்திப் பார்ப்போம். ஐந்தாறு ஆண்டுகள் பேணி வைத்துப் பயன்படுத்த எண்ணுபவர், தேவையான நினைவகத்தை முதலிலேயே தேர்ந்து, கையிலுள்ள பணத்தைக் கொண்டு வாங்குவாராயின், இத்தகைய மடிக்கணினியில் குற்றத்தைவிடக் குணமே மிகுதி என்று துணிந்து கூறுவோம். நல்ல கருவிக்கு நல்ல விலை தருவது வீண்விரயம் ஆகாது.

ஆனால் மூடியில் உள்ள சின்னத்துக்காகவும், தோழர் வைத்திருக்கிறார் என்பதற்காகவும் வாங்கப்படுமாயின் அதே பொருள் இஸ்ராஃப் என்னும் விரயத்தின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது. அதனினும் கொடியது வட்டித் தவணையில் வாங்குவது. மார்க்கம் தடுத்த வட்டியைக் கல்வியின் பெயரால் வீட்டுக்குள் அழைத்து வருதல் தகாது. வட்டியில்லை என்று விளம்பரம் செய்யப்படும் தவணைகளைப் பற்றியும் மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்தபின் முடிவு செய்வதே நன்று. நம் இலக்கியப் பாடங்களுக்கும் ஆய்வுக்கும் இதன் பாதி விலையில் கிடைக்கும் கணினியே போதுமானது.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழை மாணவர்க்குக் கணினி வழங்க நிதி ஒதுக்கும்போது, விலையையும் வேகத்தையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பழுதானால் நம் ஊரில் திறந்து சரிசெய்ய இயலுமா என்று கேளுங்கள். தானமாகத் தரும் பொருள் நெடுங்காலம் பயன் தந்தால் அன்றோ அதன் நன்மை தொடரும்?

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூறுவோம். எந்தக் கணினி வைத்திருந்தாலும், எழுதியவற்றின் படி ஒன்றை வாரந்தோறும் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். கடையில் எதனைக் கண்டாலும் மேற்குவியலோடு நின்றுவிடாமல் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். அளவையும் நிறுவையையும் நேர்மையோடு பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கி வைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!